ஓடைக்கரை நரியும் ஞானதீபம் டீச்சரும்

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையில் ஞானதீபம் டீச்சர் ஒரு கேள்வி வைத்திருந்தாள். உங்கள் ஊரில் நீங்கள் நேரில் பார்த்த காட்டு விலங்குகள் ஐந்தின் பெயரை எழுதுக. எழுதிய நாற்பத்திரண்டு பேரில் முப்பத்தெட்டு பேர் சிங்கம் பார்த்திருந்தார்கள். புலியும் மானும் தாராளமாக வந்திருந்தன. முத்துப்பாண்டி என்ற பையன் டால்பின் என்று எழுதி, பக்கத்தில் படமும் வரைந்திருந்தான். குடிக்கிற தண்ணீர் லாரியில் வருகிற ஊரில் டால்பின்!

"ஏலே, டால்பின எங்கனலே பாத்த? ஊருணியிலயா?"

"கம்பி மத்தாப்புப் பெட்டியில, டீச்சர்."

அவன் பொய் சொல்லவில்லை. எம். புதுப்பட்டிக்கு மேற்கே இருக்கிற அந்த ஊரில் பெரியவர்கள் விடிந்ததும் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பெட்டிக்கு லேபிள் ஒட்டுவார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் சிங்கத்தின் முதுகில் பசை தடவுகிற பிள்ளை சிங்கத்தைப் பார்த்ததில்லை என்று யார் சொல்ல முடியும்? வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் கீரி ஓடுகிறது, உடும்பு கிடக்கிறது, கௌதாரி குஞ்சு பொரிக்கிறது. அதெல்லாம் லேபிளில் இல்லை. அதனால் கண்ணிலும் படவில்லை.

டீச்சருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. 2006 டிசம்பர். மல்லாங்கிணற்றில் சர்ச் உபதேசியார் மகளாகப் பிறந்து, பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்து, நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அம்மாவோடு சாத்தூரில் குடியிருந்தாள். தினமும் இரண்டு பஸ் மாறி வந்து போனாள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது அவளைவிட அந்த ஊர்ப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். "வாய் அப்படி" என்பார்கள். வாய் அப்படித்தான். பிள்ளைகள் அவளுக்கு மிளகாய் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த மிளகாய்க்குக் கோபம் வந்தால் சும்மா இருக்குமா? "சனிக்கிழமை காலையில எல்லாரும் ஓடைக்கு வரணும். வராதவுக வீட்டுக்கு நானே வருவேன்" என்றாள். சொன்னபடியே வீடு வீடாகப் போனாள். சனிக்கிழமை என்பது ஒரு கட்டு லேபிள் கூடுதலாக ஒட்டுகிற நாள். யார் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்புவார்கள்?

"எங்க புள்ள கீரியப் பாத்துக் கலெக்டர் ஆகப் போகுதாக்கும்" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள்.

"ஆகாது. ஆனா கீரின்னா என்னன்னு தெரியாம சாகாது" என்று டீச்சர் திருப்பிக் கொடுத்தாள்.

முதல் சனிக்கிழமை பத்தொன்பது பேர் வந்தார்கள். டீச்சர் ஓடைக்கரையில் ஓர் உடும்பு வளையைக் காட்டினாள். வாலை இழுத்துப் போன கோட்டைக் காட்டினாள். வளையின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தால் உள்ளே ஆள் இல்லை, கட்டாமல் சுத்தமாக இருந்தால் ஆள் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் அப்படிக் கேட்டு அவள் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்குப் பாட்டுப் பாட வேண்டும் போல இருந்தது.

அடுத்த சனிக்கிழமை போனால் வளை இருந்த இடத்தில் குழி. கரை பிளந்து கிடக்கிறது. மண்ணெல்லாம் வெடிமருந்து நாற்றம். இரண்டு அணுகுண்டு வெடியை உள்ளே சொருகித் திரியைக் கொளுத்தியிருக்கிறார்கள். அந்த ஊரில் பிள்ளைகளுக்கு வெடிக்கா பஞ்சம்?

"எவன்லே பண்ணினது?"

முத்துப்பாண்டி ஒளிக்கவில்லை. "நீங்கதான டீச்சர் சொன்னீக, வலை கட்டலைன்னா உள்ள இருக்கும்னு. நெசமாவே இருந்துச்சு! கறிகூட எடுத்துக் குடுத்தேன் எங்கய்யாவுக்கு. இடுப்பு வலிக்கு நல்லதாம்."

அவன் பாடத்தை நன்றாகப் படித்திருக்கிறான். அதற்கு அவள் அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அறைந்த கை அன்று முழுக்க அவளுக்கு எரிந்தது. அறைந்ததற்காக எரிந்ததா, வளையைச் சுட்டிக்காட்டிய விரல் அதே கையில் இருந்ததற்காக எரிந்ததா, அவளுக்கே தெரியவில்லை.

பத்தொன்பது பேர் பதினொன்றாகக் குறைந்தார்கள். அந்தப் பதினொன்றில் ஒருத்திதான் ரோஜா. அப்பா இல்லை. அம்மா இருளம்மாள் கம்பெனியில் மருந்து ரூமில் வேலை, குழாய்க்குள் வெடிமருந்து அடைக்கிற வேலை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கும்போது இருளம்மாளின் கையும் கழுத்தும் அலுமினியப் பொடியில் வெள்ளி பூசியது மாதிரி மின்னும். ரோஜா வகுப்பில் பேச மாட்டாள். ஆனால் பார்ப்பாள். டீச்சருக்கே தெரியாததை எல்லாம் பார்த்துவிட்டு வந்து, காதோடு சொல்வாள்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் வந்து சொன்னாள். "டீச்சர், ஓடை திரும்புற இடத்துல, பெரிய உடைமரம் நிக்கிற மேட்டுல, நாலு வாசல் வச்சு ஒரு வளை இருக்கு. நாய் மாதிரி இருக்கு, நாய் இல்ல. வால் நுனி கறுப்பு."

டீச்சர் போய்ப் பார்த்தாள். நரி. ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி. பெண் நரிக்கு வயிறு தொங்கியிருந்தது. கரிசல் காட்டு நரியை அவள் சின்ன வயசில் மல்லாங்கிணற்றில் பார்த்ததோடு சரி. அந்த மேட்டு வெயிலில் புடவையோடு உட்கார்ந்தவள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அப்போதே அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த ஒரு வளையையாவது காப்பாற்றிவிட வேண்டும். இதையும் வெடி வைத்துப் பிளந்தால் அப்புறம் நான் சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிடுகிறேன் என்று ஆண்டவரிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை வகுப்பில் எலிக்கணக்குச் சொன்னாள். ஒரு நரி ஒரு வருஷத்தில் எத்தனை வயல் எலி பிடிக்கும், அதனால் எவ்வளவு தானியம் மிச்சம் என்று போர்டு நிறைய எழுதினாள். யாருக்கு வேண்டும்? விவசாயத்தை விட்டுப் பதினைந்து வருஷம் ஆன ஊர் அது. கடைசி பெஞ்சில் பையன்கள் ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டார்கள். அவர்கள் கண்ணில் திரி பற்றிக்கொண்டதை அவள் பார்த்துவிட்டாள். சுண்ணாம்புக் கட்டியை வைத்தாள். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ஏலே, உங்க வீட்டுல யாருக்காவது நல்லது நடந்தா என்ன சொல்லுவாக? நரி முகத்துல முழிச்சியான்னு கேப்பாகள்ல? அது சும்மா சொல்றதுன்னு நெனச்சீகளா? உங்க அம்மாமார் எல்லாம் தெனமும் மருந்துக்குள்ள கைய விட்டுட்டு வீடு திரும்புறாக. ஊரு எல்லையில நரி இருக்கிறதாலதான் திரும்புறாக. அத வெடி வச்சுக் கொன்னுட்டு, நாளைக்கு எந்த முகத்துல முழிக்கச் சொல்லுவீக உங்க அம்மாவ?"

முத்துப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். ரோஜா மட்டும் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கொட்டாமல்.

உபதேசியார் மகள். சகுனம் பார்ப்பதைப் பாவம் என்று படித்து வளர்ந்தவள். தான் சொன்னதில் ஒரு எழுத்துகூட அவள் நம்பவில்லை. ஆனால் அது வேலை செய்தது, ஐயா! எப்படி வேலை செய்தது தெரியுமா? எலிக்கணக்கு செய்யாததை ஒரு பொய் செய்தது. அன்றைக்கிருந்து அந்த மேட்டுப் பக்கம் ஒரு கல் விழவில்லை. பையன்கள் முறை வைத்துக் காவல் காத்தார்கள். ஆடு மேய்க்கிறவர்களை அந்தப் பக்கம் வராதபடி விரட்டினார்கள். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, பெண்கள் வேனுக்குப் போகும்போது தெருவழியே போகாமல் ஓடைவழியே சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். வேன் டிரைவரும் சலித்துப்போய் வேனை ஓடைப் பாலத்திலேயே நிறுத்தினான். சில நாள் நரி கண்ணில் படும். பல நாள் படாது. பார்த்த அன்றைக்கு வேனில் சிரிப்பும் பேச்சுமாகப் போவார்கள்.

மார்ச்சில் மூன்று குட்டிகள். ரோஜா ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதினாள். தாய் எத்தனை மணிக்கு வெளியே போகிறது, எந்த வாசலில் நுழைகிறது, ஆபத்து என்றால் எந்த வாசலில் தப்புகிறது, குட்டிகள் எப்போது வெயில் காய்கின்றன, சுடுகாட்டுக்குப் பின்னால் இருக்கிற இரண்டாவது வளை எங்கே என்று படத்தோடு எழுதினாள். பக்கத்துக்குப் பக்கம் டீச்சர் சிவப்பு மையில் 'மிக நன்று' என்று போட்டுக் கையெழுத்தும் வைத்தாள். அந்த நோட்டு விருதுநகரில் நடந்த கண்காட்சியில் இரண்டாம் பரிசு வாங்கியது. ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். ரோஜா அதை அம்மாவுக்குக் கொடுத்தாள். இருளம்மாள் அதில்தான் கம்பெனிக்குச் சோறு கொண்டு போனாள்.

"டீச்சரம்மா, நீங்க வந்து எங்க கண்ணத் தொறந்தீக" என்று இருளம்மாள் ஒருநாள் வழியில் நிறுத்திச் சொன்னாள். டீச்சருக்கு அது சுருக்கென்று குத்தியிருக்க வேண்டும். குத்தவில்லை. சந்தோஷமாக இருந்தது.

ஜூலை மாதம், பத்தே கால் மணி. இப்போது பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டது. முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு சேர்ந்து. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. பிள்ளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அழவில்லை, கத்தவில்லை. காதைத் திருப்பி எந்தத் திசை என்று கேட்டார்கள். சத்தம் வருகிற பக்கத்தை வைத்து யாருடைய அம்மா கம்பெனி என்று சொல்ல அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"எங்க அம்மா கம்பெனி" என்றாள் ரோஜா. சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.

நாலு பேர் செத்தார்கள். இருளம்மாள் சாகவில்லை. தண்ணீர் குடிக்க வெளியே வந்தவள், திரும்பிப் பார்த்தபோது பக்கத்து ரூம் இல்லை. சேலையின் ஒரு பக்கம் கருகி, காது அடைத்துப்போய், அந்த டிபன் பாக்ஸை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

செத்தவர்களை எடுத்துப் போட்ட மூன்றாம் நாள் பெண்கள் கூடிப் பேசினார்கள். வெடித்த அன்றைக்குக் காலையில் மழைத் தூறல். வேன் ஓடைக்கு வராமல் நேரே தெருவுக்கே வந்துவிட்டது. யாரும் நரியைப் பார்க்கவில்லை. அடப் பாவமே, அதற்கு முன்னால் பார்க்காத நாள் எத்தனையோ போயிருக்கிறது, அதை யார் எண்ணினார்கள்? இந்த ஒரு நாளை எண்ணினார்கள். டீச்சர் சொன்னது சொன்னபடி நடந்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்துக் கம்பெனி திறந்தது. தீபாவளி ஆர்டர் மலையாகக் கிடக்கிறது, மருந்து ரூமுக்கு ஆள் வர மறுக்கிறார்கள். போர்மேன் உக்கிரபாண்டி வீடு வீடாக வந்தான். முரட்டு ஆள் இல்லை, சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற ஆள். அதுதான் வினை. பெண்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டான்.

"நரி முகத்தப் பாக்கணும், அம்புட்டுத்தான? தூறினாலும் பாக்கணும், வேன் எந்த வழியா வந்தாலும் பாக்கணும். கம்பெனி கேட்டுல கட்டிப்புடுவோம் தாயி. தெனமும் பாத்துட்டே உள்ள போங்க."

நரியை யார் பிடிப்பது? அது பிடிபடுகிற சாதியா? யாரோ ரோஜாவின் நோட்டைச் சொன்னார்கள்.

டீச்சருக்கு இது எதுவும் தெரியாது. ஒரு திங்கட்கிழமை காலை மணி அடிக்கும் முன் ரோஜாதான் வந்து சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"டீச்சர், தாய் நரியப் பிடிச்சுட்டோம். நான்தான் பிடிச்சேன். மூணு வாசலையும் கல்ல வச்சு அடைச்சுட்டு, நாலாவதுல சாக்க விரிச்சேன். முத்துப்பாண்டி புகை போட்டான். நோட்டுல எழுதினது மாதிரியே அந்த வாசல்லதான் வந்துச்சு!"

டீச்சருக்கு ஓங்கி ஒரு அறை விடத்தான் கை எழுந்தது. விடவில்லை. அந்தப் பிள்ளை முகத்தில் 'மிக நன்று' என்ற வார்த்தைக்காகக் காத்திருக்கிற பார்வை இருந்தது. அந்தப் பார்வையை அவளே சிவப்பு மை போட்டு வளர்த்திருந்தாள்.

கம்பெனி கேட்டுக்கு நடந்தே போனாள். காவலாளி ரூமுக்குப் பக்கத்தில் கோழிக்கூண்டு மாதிரி ஒரு கூண்டு. கடிக்காமல் இருக்கக் குறட்டால் கோரைப்பல் நாலையும் உடைத்திருந்தார்கள். வாயைத் திரி நூலால் கட்டியிருந்தார்கள். நெற்றியில் திருநீறும் குங்குமமும். நரி முகத்தைச் சுவரோடு திருப்பி வைத்துக்கொண்டு கிடந்தது. முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறதே என்று பெண்கள் குறைப்பட, கழுத்தில் ஒரு கயிறு போட்டு அதன் நுனியைக் கூண்டுக்கு வெளியே விட்டிருந்தார்கள். வேன் வந்ததும் காவலாளி கயிற்றை இழுப்பான். முகம் திரும்பும். பெண்கள் வரிசையாக வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போவார்கள். அன்றைக்குத் தாமதமாகி, டீச்சர் நின்றிருந்தபோதே ஒரு வேன் வந்தது. அவள் கண்ணெதிரே முப்பது பேர் பார்த்தார்கள். முப்பது தடவை கயிறு இழுபட்டது.

இருளம்மாளும் அந்த வரிசையில் இருந்தாள். "நல்லா முழுசாப் பாருங்க டீச்சரம்மா, உங்க புண்ணியந்தான்" என்று கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

உக்கிரபாண்டி நாற்காலி கொண்டுவரச் சொன்னான். டீச்சர் உட்காரவில்லை.

"இத இப்பவே அவுத்து விடுங்க. நரியப் பிடிச்சா ஜெயிலு, தெரியும்ல? நான் வனத்துறைக்குப் போன் பண்ணுவேன்."

"பண்ணுங்க டீச்சர்" என்றான் அவன் சிரித்துக்கொண்டே. "அவுக வந்து யாரு பிடிச்சதுன்னு கேப்பாக. நான் பிடிக்கல. கம்பெனி பிடிக்கல. பள்ளிக்கூடத்துப் புள்ள பிடிச்சுக் கொண்டாந்து குடுத்துச்சு. எப்படிப் பிடிச்சதுன்னு கேட்டா நோட்டு இருக்கு. வாசலு, நேரம், படம், அம்புட்டும் இருக்கு. ஒவ்வொரு பக்கத்துலயும் உங்க கையெழுத்தும் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினான். "உங்கள விடுங்க, உங்களுக்குப் படிப்பு இருக்கு. அந்தப் புள்ளைக்குப் பதினாலு வயசு."

எத்தனையோ பேருக்குத் திருப்பிக் கொடுத்த வாய் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது. கூண்டைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். போன் பண்ணவில்லை. அன்றைக்கும் பண்ணவில்லை, அதற்கு அடுத்த நாளும் பண்ணவில்லை. ஒவ்வொரு நாளும் ரோஜா வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு நாளும் நரி கேட்டில் கிடந்தது. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கொடுத்தாள். கொடுத்ததை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவும் அவளுக்குத் தைரியம் இல்லை.

பல் உடைந்த நரி எதைத் தின்னும்? வாய்க்கட்டை அவிழ்த்துக் கோழிக்குடலைப் போட்டார்கள். மோந்துகூடப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் காவலாளி கயிற்றை இழுத்தபோது தலை மட்டும் வந்தது. கண் திறந்தே இருந்தது. அன்றைக்கு வந்த பெண்கள் அதையும் பார்த்துவிட்டார்கள். செத்த நரி முகத்தில் முழித்தாயிற்று என்று ஓவென்று அழுதுகொண்டு ஒருத்திகூட உள்ளே போகாமல் திரும்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம், பள்ளிக்கூடம் காலியான பிறகு, டீச்சர் பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது ரோஜா வந்து வாசலில் நின்றாள்.

"டீச்சர், போர்மேன் வீட்டுக்கு வந்தாரு. நாளைக்கு வரலைன்னா வேற ஊரு ஆளப் போட்டுருவோம்னு சொல்லிட்டுப் போறாரு. அம்மா போறேன்னு சொல்லிருச்சு. வேற வழி இல்லைல்ல. ஆனா கை நடுங்குது டீச்சர் அம்மாவுக்கு. மருந்து ரூம்ல கை நடுங்கக்கூடாதுல்ல?"

"ஆமா புள்ள."

"குட்டிகள ஆண் நரி சுடுகாட்டு வளைக்குக் கொண்டு போயிருச்சு. எந்த வாசல்னு எனக்குத் தெரியும். நானே போயி ஒண்ணப் பிடிச்சிருப்பேன். உங்களக் கேக்காம போகக்கூடாதுன்னு வந்தேன்."

ஞானதீபம் டீச்சருக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. எத்தனை பேருக்குக் கிடைக்கும்? தான் சொன்ன பொய்யைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ள, கேட்க வேண்டிய ஆளே தேடி வந்து எதிரே நிற்கிறது. டீச்சர் பையைக் கீழே வைத்தாள்.

"ரோஜா, நான் சொன்னது பொய். நரி முகத்துல ஒண்ணுமே இல்ல. நீங்க அந்த வளைய வெடி வச்சுருவீகன்னு பயந்து, வாயில வந்ததச் சொன்னேன். அது ஒரு பாவப்பட்ட மிருகம். அவ்வளவுதான்."

ரோஜா வாசலை விட்டு ஒரு எட்டு உள்ளே வந்தாள். அப்புறம் கேட்டாள். "அப்ப அன்னைக்கு நாலு பேரு எதனால செத்தாக?"

"ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல உக்காரக்கூடாது. எட்டுப் பேர உக்கார வச்சிருந்தாக. மருந்த அளவுக்கு மேல கலந்து வச்சிருந்தாக. சூடு ஏறிருச்சு."

"இப்பவும் எட்டுப் பேருதான் டீச்சர் உக்காருறாக. சீசன்ல."

டீச்சர் கீழே கிடந்த பையைப் பார்த்தாள்.

"அப்ப நாளைக்கும் அப்படி ஆகலாம். நரி இருந்தாலும் ஆகலாம், இல்லாட்டாலும் ஆகலாம். அம்மா போகாம இருக்கவும் முடியாது." அந்தப் பிள்ளையின் உதடு கோணியது. பேசவே பேசாத பிள்ளை, இத்தனை நாளாக ஒரு நரியை நம்பி ராத்திரியில் தூங்கியிருக்கிறது. இப்போது டீச்சரின் புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தேம்பியது. "நெசத்தச் சொல்லுங்க டீச்சர். கோவத்துல சொல்லாதீக. நரி முகத்துல ஒண்ணுமே இல்லையா? கொஞ்சங்கூட இல்லையா?"

உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளைக்குக் கையில் என்ன மிஞ்சும்? வெடிக்கிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு ஆயுசு முழுக்க வகுப்பில் உட்கார்ந்திருப்பதுதான் மிஞ்சும். டீச்சரால் அதைத் தாங்க முடியவில்லை. இரக்கம் என்று அவள் அதற்குப் பெயர் வைத்துக்கொண்டாள். கோழைத்தனம் என்று நான் சொல்வேன். அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் வேறு எதுவும் சொல்லியிருக்க மாட்டேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

"இருக்கு" என்றாள்.

"நெசமாவா?"

"இருக்கு புள்ள. அழாத. வீட்டுக்குப் போ."

சாத்தூருக்குப் போன டீச்சர் சாப்பிடவில்லை, படுக்கவில்லை. அம்மா என்னவென்று கேட்டதற்கு எரிந்து விழுந்தாள். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், எப்படியாவது அந்தப் பிள்ளை சுடுகாட்டுப் பக்கம் போகும் முன் பிடித்துவிட வேண்டும் என்று முதல் பஸ்ஸைப் பிடித்தாள். சிவகாசியில் மாறி, ஊரில் இறங்கும்போது ஆறு மணி. வெளுத்துவிட்டது. ஓடைப் பாலத்தில் இன்னும் வேன் வரவில்லை.

ரோஜா எதிரே வந்துகொண்டிருந்தாள். பாவாடை முழங்கால் வரை சேறு. முழங்கையில் ரத்தம். மார்போடு அணைத்து ஒரு உரச் சாக்கு. சாக்கு அசைந்தது. பின்னாலேயே முத்துப்பாண்டி மண்வெட்டியோடு வந்தான்.

"டீச்சர்! நீங்களே வந்துட்டீகளா!" ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது, சிரித்தாள். "மூணுல ரெண்டு மண்ணுக்குள்ள அமுங்கிருச்சு. இது ஒண்ணுதான் உசுரோட கெடச்சுது. பல்ல உடைக்கக்கூடாதுன்னு போர்மேன்கிட்டச் சொல்லிருவேன், பால் ஊத்தி நானே வளப்பேன். சாகாது டீச்சர். இது சாகாது."

டீச்சர் வாயைத் திறந்தாள்.

"யாருக்கும் இன்னும் காட்டல. அம்மாவுக்குக்கூடக் காட்டல" என்று ரோஜா சாக்கின் கட்டை அவிழ்த்தாள். "நீங்கதான் மொதல்ல பாக்கணும்னு வச்சிருந்தேன். உங்களுக்கும் ஒரு கல்யாணம் காச்சி ஆகணும்ல டீச்சர். எங்களுக்கு மட்டும் நல்லது நடந்தாப் போதுமா?"

குட்டியின் கழுத்தைப் பிடித்து வெளியே எடுத்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு தலையைத் திருப்பியது. ரோஜா அதன் தாடையைப் பிடித்து, ரொம்ப மெதுவாக, வலிக்காமல், டீச்சர் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள்.

"பாத்தீகளா டீச்சர்? நல்லா முகத்தப் பாருங்க."

ஞானதீபம் டீச்சர் பார்த்தாள். மண் ஒட்டிய மூக்கு. திறந்த கண்ணில் அவளுடைய நீலப் புடவை சின்னதாகத் தெரிந்தது.

"பாத்துட்டேன்" என்றாள்.

பாலத்தில் வேன் ஹாரன் அடித்தது. ரோஜா குட்டியைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு அம்மா ஏறும் முன் காட்டிவிட வேண்டும் என்று ஓடினாள்.